பெண்பிள்ளைக்குக் காது குத்துங் காலம்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேள்வியுற்ற சிலர், திருமுறையும் சித்தாந்தமும் பேசப்படும் இம்மேடையிலே காது குத்துப் பற்றிப் பேசுவதா என்று நகைத்தனர். நகைத்தவருட் பெரும்பாலார் இன்னும் மணமாகாதவர். மணமாகி ஒரு பெண்மகவுக்குத் தந்தையராயினோர் நகைக்கவில்லை. முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கின்றனர். சென்ற ஓராண்டினுள்ளே நமது சங்கத்து வாலிபர் பலர் தந்தையராயினர். அவர்களுள் ஒருவர் பின் ஒருவராக வந்து எம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "பிள்ளைக்கு எப்போது காது குத்துவது?" கேள்வி சிறிது. ஆனால் அதன் பின்னே ஒரு வீடு முழுவதும் நிற்கின்றது.

அப்பாச்சி, "முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவோடு குத்திவிட வேண்டும், எங்கள் குடும்பத்தில் அதுவே வழக்கம்" என்கின்றார். பிள்ளையின் தாய், "கிளினிக்கில் ஊசிகள் எல்லாம் போட்டு முடியட்டும்" என்கின்றாள். கனடாவிலுள்ள மாமி தொலைபேசியில் அழைத்து, "அது பிள்ளையின் காது, அவள் வளர்ந்து கேட்டபின் பார்த்துக்கொள்ளலாம்" என்கின்றார். தந்தையோ மூவருக்கும் தலையாட்டிவிட்டுச் சங்கத்துக்கு வந்துவிடுகின்றார். மூவரும் பிள்ளைமேல் அன்புடையோர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேலே செல்வாம்.

சாத்திரம் என்ன கூறுகின்றது என்பதே பெரியோர் முதலிற் கேட்பது. காது குத்துதல் கர்ணவேதனம் என்னும் பெயரால் வழங்கும் ஒரு சமஸ்காரம். பதினாறு சமஸ்காரங்கள் என்று பின்னாளில் வகுத்த அட்டவணைகளில் இது இடம்பெற்றிருக்கின்றது. ஆயினும் பழைய கிருகிய சூத்திரங்களில் இதற்கு இடமில்லை; பிற்காலத்துச் சேர்க்கைகளிலேயே காணப்படுகின்றது. காலத்தைக் குறித்தோ நூல்கள் ஒருமுகமாகப் பேசவில்லை. பிருகஸ்பதி பெயரால் வழங்கும் கூற்றுப் பிறந்த பத்தாம், பன்னிரண்டாம், பதினாறாம் நாள்களைச் சொல்கின்றது. கர்கர் பெயரால் வழங்குவது ஆறாம், ஏழாம், எட்டாம், பன்னிரண்டாம் மாதங்களைச் சொல்கின்றது. காத்தியாயன சூத்திரமோ மூன்றாம் அல்லது ஐந்தாம் வயது என்கின்றது. பத்தாம் நாளுக்கும் ஐந்தாம் வயதுக்கும் இடையில் எத்துணை தூரம்! ஆகவே "சாத்திரம் இந்த நாளைத்தான் சொல்கின்றது" என்று எவரேனும் அடித்துப் பேசினால், எந்தச் சாத்திரம் என்று பணிவாகக் கேட்க நமக்கு இடமுண்டு. முப்பத்தோராம் நாள் என்பது நமது ஊர் வழக்கு. வழக்குக்கும் மதிப்புண்டு, ஆனால் அதைச் சாத்திரத்தின் தலையிற் சுமத்த வேண்டியதில்லை.

வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை இதனைச் சொல்லும் இடம் நம் வாலிபர் அனைவரும் அறியத்தக்கது. சூத்திரஸ்தானத்தின் பதினாறாம் அத்தியாயத்திலே காது குத்தும் முறை விரிவாகக் கூறப்பட்டிருக்கின்றது. காப்புக்காகவும் அணிக்காகவும் குழந்தையின் காது குத்தப்படும் என்று தொடங்கி, அதற்குரிய காலம் ஆறாம் அல்லது ஏழாம் மாதம் என்று குறிக்கின்றது. வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து, குழந்தையைத் தாதியின் மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள்களைக் காட்டி மனத்தை வேறுபக்கம் திருப்ப வேண்டும். வைத்தியர் இடக்கையால் காதின் சோணையை இழுத்துப் பிடித்து, சூரிய ஒளி ஊடுருவித் தெரியும் மெல்லிய இடத்தைப் பார்த்து, வலக்கையால் மெல்ல நேராகக் குத்த வேண்டும். மெல்லிய காதுக்கு ஊசி, தடித்த காதுக்கு அதனிலும் பருத்த கருவி. ஆணுக்கு வலக்காது முதல், பெண்ணுக்கு இடக்காது முதல். இரத்தம் மிகப் பெருகினாலும் வலி மிகுந்தாலும் இடந்தவறிக் குத்தப்பட்டது என்று அறிந்துகொள்ள வேண்டும். பின்னர் துவாரத்திற் பஞ்சுத் திரியை இட்டு, எண்ணெய் வார்த்து, மூன்று நாளைக்கொருமுறை முன்னதினும் பருத்த திரியை மாற்ற வேண்டும். இடந்தவறிக் குத்தி நாடி பழுதுபட்டால் வரும் சுரம், வீக்கம் முதலியவற்றையும் அந்நூல் விட்டுவிடவில்லை.

ஒளியில் நரம்பு தெரியும்படி பார்த்துக் குத்துதலும், குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுதலும் இன்றைய வைத்தியரும் மறுக்காதவை. எண்ணெய் வார்ப்பதை மட்டும் இன்றைய வைத்தியர் ஏற்பதில்லை. இந்நூல் சொல்லும் மாதத்தை மறவாது வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வேறொரு கணக்கோடு அது பொருந்துவதைக் காண்பாம்.

சைவர்க்குக் காதணி வெறும் நகையன்று. திருஞானசம்பந்தப் பிள்ளையார் சீகாழியிலே முதன்முதற் பாடிய பதிகம் இறைவனுடைய செவியில் விளங்கும் தோட்டைச் சொல்லியே தொடங்குகின்றது. அத்தோடு அம்மையின் பாகத்துக்கு உரியது. திருவானைக்கா அகிலாண்டேசுவரியின் தாடங்கங்கள் புகழ்பெற்றவை. திருக்கடவூர் அபிராமியம்மை தன் தாடங்கத்தை வானில் எறிந்து அமாவாசையன்று முழுநிலாக் காட்டினாள் என்பது நாடறிந்த வரலாறு. இவற்றை எண்ணும் பாட்டிமார், தோடில்லாத காதை மூளிக்காது என்று சொல்லி மனம் பொறுக்காதிருப்பதில் வியப்பில்லை.

ஆனால், காது குத்தினால் மூளை வளரும், கண்பார்வை துலங்கும், குடலிறக்கம் வாராது என்றெல்லாம் சில துண்டுப் பிரசுரங்கள் எழுதுகின்றன. இவற்றுக்கு ஏற்கத்தக்க சான்று எதுவுமில்லை. நமது வழக்கம் அழகுக்காகவும் குலமரபுக்காகவும் என்று நேர்மையாகச் சொன்னாற் போதும். சமயத்துக்குப் பொய்ச்சாட்சி தேடுதல் சமயத்துக்குச் செய்யும் உதவியன்று.

இனி முப்பத்தோராம் நாளின் நியாயத்தைக் கேட்பாம். அன்று துடக்குக் கழியும். குருக்கள் வருவார், புண்ணியாகவாசனம் நடைபெறும். இரு பக்கத்து உறவினரும் கூடியிருப்பர். அம்மான் தோட்டைக் கொண்டுவந்திருப்பார். பத்தரையும் அழைத்துவிட்டால் ஒரே செலவில் இரண்டு காரியம் முடியும். குழந்தையோ பெரும்பகுதி நேரமும் உறங்குவது. கையைக் கொண்டுபோய்க் காதைப் பிடித்து இழுக்க அறியாதது. நாளை இவ்வலியை நினைக்கப் போவதுமில்லை. இந்த நியாயங்கள் யாவும் உண்மையானவை. நமது பாட்டிமார் அறியாமையால் இந்நாளைத் தெரிந்தெடுத்தனர் என்று வாலிபர் எவரும் எண்ண வேண்டா.

மறுபக்கத்தையும் பார்ப்பாம். ஒரு மாதக் குழந்தையின் உடல் கிருமியை எதிர்த்து நிற்க இன்னும் பழகவில்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியர்கள் அதைச் சிறு விடயமாகக் கொள்வதில்லை. பெரும்பாலும் ஆசுபத்திரியில் நிறுத்தி இரத்தம் சோதிப்பர். காதிலே ஒரு சிறு புண் காரணமாக வந்த காய்ச்சலாயினும் அதே பாடுதான். குழந்தையின் கையில் ஊசி ஏற்றி, தாயும் பிள்ளையும் விடுதியிற் சில நாள் கிடக்க நேரும்.

ஏற்புவலி என்னும் கொடிய நோய் புண்வழியே வருவது. முற்காலத்திற் பச்சைக் குழந்தைகள் பலவற்றை அது கொண்டுபோயிற்று. கருவுற்ற தாய்க்கு ஏற்புவலித் தடுப்பூசி இடுவதாலும், பிள்ளைப்பேறு ஆசுபத்திரியில் நிகழ்வதாலும் அந்நிலை மாறியது. நமது நாடு உட்பட்ட தென்கிழக்காசிய வலயத்தில் தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் வரும் ஏற்புவலி ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. எனினும் ஒழிந்தது தடுப்பூசியாலேயே யன்றித் தானாக அன்று. அதன் வித்து மண்ணில் இன்னும் இருக்கின்றது.

நமது நாட்டிலே குழந்தைக்கு இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசி இடப்படுகின்றது. 2008இல் தொடங்கிய அவ்வூசியில் ஏற்புவலி, தொண்டைக்கரப்பன், கக்குவான், ஈரலைத் தாக்கும் பி வகை நோய், மூளைக்காய்ச்சலையும் நுரையீரற் காய்ச்சலையும் உண்டாக்கும் ஒரு கிருமி ஆகிய ஐந்துக்கும் காப்பு உண்டு. மூன்றாம் முறை ஆறாம் மாதத்தில் முடிகின்றது. முடிந்தபின் வருவது ஏழாம் மாதம். சுசுருதர் சொன்ன காலமும் அதுவே. அவர் தடுப்பூசியை அறிந்து சொல்லவில்லை. இது தற்செயலான பொருத்தமே. நூலின் பெருமையை நாட்ட இதை நாம் எடுத்துக்காட்டவில்லை. வீட்டிலே மாமியையும் மருமகளையும் ஒரே மாதத்தில் நிற்கச் செய்ய இது உதவும் என்பதனாற் சொல்கின்றோம்.

ஏழாம் மாதத்துக்குக் குறையில்லை என்று சொல்லமாட்டோம். அப்போது குழந்தை எட்டிப் பிடிக்கும். பிடித்ததை வாயில் வைக்கும். தோடு கழன்றால் விழுங்கிவிடும் அபாயம் உண்டு. ஆதலால் கொக்கி வைத்த தோடோ தொங்கலோ கூடா. பின்புறம் இறுகத் திருகிப் பூட்டும், முனை மழுங்கிய சிறு தோடே வேண்டும். ஒவ்வோர் இரவும் திருகை விரலாற் பார்த்துக்கொள்வது தாயின் வேலை மட்டும் அன்று. தந்தைக்கும் விரல் உண்டு.

ஒன்றரை வயது முதல் நான்கு வயதுவரை உள்ள காலத்தையே நாம் அதிகம் விரும்பவில்லை. அவ்வயதுப் பிள்ளை திமிறும். ஒரு காது குத்தியதும் மறு காதைக் காட்டாது. நால்வர் பிடித்து அமுக்கிக் குத்த வேண்டி வரும், இடமும் தவறும். அந்தப் பயம் பிள்ளையின் மனத்தில் நெடுநாள் நிற்கும். சில பிள்ளைகள் அதன்பின் வெள்ளைச் சட்டைக்காரரைக் கண்டாலே அலறுகின்றன. காசு இல்லாமையாலோ நோயாலோ முன்னே தவறவிட்டவர்கள், இந்த இடைக்காலத்தில் அவசரப்படாது பிள்ளை பாடசாலைக்குப் போகும் ஐந்து வயதுவரை பொறுப்பது நன்று. அவ்வயதில் பிள்ளைக்குச் சொன்னால் விளங்கும். எப்படி வலிக்கும், எவ்வளவு நேரம் வலிக்கும், எத்தனை நாள் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக் கேட்கலாம். காதும் ஏறக்குறைய முழுவளர்ச்சியை அடைந்துவிடுவதால், குத்திய இடம் பின்னர் நகர்ந்து ஒருபக்கம் மேலும் ஒருபக்கம் கீழுமாகத் தோன்றுவதும் குறைவு.

"பிள்ளையின் காது பிள்ளையுடையது" என்று கனடா மாமி சொன்ன வார்த்தையை நமது பெரியோர் சிலர் வெள்ளைக்காரப் பேச்சு என்று தள்ளிவிடுகின்றனர். அவ்வாறு தள்ளிவிடுதல் தகாது. பெயரையும் மொழியையும் சமயத்தையும் நாம் பிள்ளையைக் கேட்டுக் கொடுப்பதில்லை. ஆகவே காதையும் கேட்க வேண்டியதில்லை என்பர். பெயர் இடுகையிற் பிள்ளைக்கு நோவதில்லை, ஊசி நோகும். அந்த வேறுபாட்டை மறைக்கலாகாது. மறுபக்கத்தில், சோணையில் இடும் சிறு துவாரம் தோட்டைக் கழற்றி விட்டால் நாளடைவிற் பெரும்பாலும் தூர்ந்துபோவது; பெரிய கேடு எதுவும் இல்லாதது. ஆதலால் ஏழாம் மாதத்திற் குத்தும் பெற்றோரைக் குற்றவாளிகள் என்று நாம் கருதவில்லை. ஐந்து வயதுவரை காத்திருந்து பிள்ளையைக் கேட்கும் பெற்றோரைச் சமயம் விட்டவர்கள் என்றும் கருதவில்லை. காத்தியாயன சூத்திரமே ஐந்தாம் வயதை ஒப்புகின்றதே! எம்மைக் கேட்டால் நாம் ஏழாம் மாதத்தின் பக்கமே சாய்வோம். ஆனால் பெற்ற தாய் பொறுப்போம் என்றால் அவள் சொல்லே நிற்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கின்றோம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் அறிந்த ஒரு வீடு. ஊரும் பெயரும் வேண்டா. தாய் ஆசிரியை. பேற்று விடுமுறை முடிந்து பாடசாலைக்குப் போகத் தொடங்கிய முதல் வாரம். பிள்ளைக்கு நான்கு மாதம். தாய் இல்லாத காலைப்பொழுதில் மாமியார் பேத்தியைத் தூக்கிக்கொண்டு சந்தைப்பக்கம் சென்று காது குத்திக்கொண்டு வந்துவிட்டார். மனத்திலே தீமை இல்லை. மருமகள் வந்து பார்த்து மகிழ்வாள் என்றே நினைத்தார். தாய் வந்து பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு காது பழுத்தது. வைத்தியர் தோட்டைக் கழற்றி மருந்து கொடுத்தார், புண் ஆறிற்று. ஒரு காதின் துவாரம் தூர்ந்தது. வீட்டிலே மாமிக்கும் மருமகளுக்கும் இடையே பேச்சு நின்றது. பிள்ளையை அயல்வீட்டில் விட்டு வேலைக்குப் போனாள் அத்தாய். சொந்தப் பேத்தியை அயல்வீட்டு வாசலிற் பார்த்து நிற்கும் நிலை அந்த மூதாட்டிக்கு வந்தது. நடந்து சில வருடங்கள் ஆயின. இப்போது பேசிக்கொள்கின்றனர் என்று கேள்வி. பிள்ளை இன்னும் ஒற்றைத் தோட்டோடுதான் இருக்கின்றாள்.

இவ்விடத்தே பெரியோருக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். அப்பாச்சிமார் இவ்வளவு அவசரப்படுவது ஏன் என்று வாலிபர் சிந்திப்பதில்லை. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்தது. 2009இல் வன்னி மக்கள் பட்டது உலகறியும். இடம்பெயர்ந்த வீடுகளிலே முதலில் விற்கப்பட்டதும் அடகுக்குப் போனதும் பெண்களின் நகையே. அரிசிக்காகத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, துவாரம் தூர்ந்துபோகாதபடி வேப்பம் ஈர்க்கைச் செருகிக்கொண்டு திரிந்த பெண்கள் இந்த மண்டபத்திலும் இருப்பர். அவர்களுக்குப் பேத்தியின் காதிலே ஒரு பொட்டுப் பொன்னைக் கண்ணாற் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வெறும் பிடிவாதம் அன்று. நாளை என்ன வருமோ, இன்றே பார்த்துவிடுவோம் என்ற அச்சம் அதனுள்ளே இருக்கின்றது. அதை விளங்கிக்கொண்டு பேசினால் வீட்டிலே குரல் உயராது.

ஒரு வழி சொல்வோம். சில வீடுகளிற் செய்து பார்த்து நன்றாக நடந்த வழி. முப்பத்தோராம் நாள் அம்மான் தோட்டைத் தட்டில் வைத்துக் கொடுக்கட்டும். குருக்கள் ஆசீர்வதிக்கட்டும். அப்பாச்சி அதனைக் குழந்தையின் காதருகே பிடித்துக் கண்ணாரப் பார்த்து, பிள்ளையார் படத்தின் முன்னே வைக்கட்டும். குத்துவது மட்டும் ஏழாம் மாதத்துக்கு நிற்கட்டும். தோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பிள்ளைக்கு என்று பெயர் வைத்தாயிற்று. பெரியவர்களின் மனம் அமைதியடைகின்றது. பின்னர் பஞ்சாங்கத்திலே கர்ணவேதனத்துக்குக் குறித்த நாள்களுள் தாய்க்கும் வைத்தியருக்கும் வசதியான ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம்.

பொன்னைப் பற்றியும் பேசாது விடலாகாது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் பவுண் விலை இலட்சங்களிற் பேசப்படுகின்றது. குழந்தைத் தோட்டுக்குக் கால் பவுண் போதும் என்றாலும், நாட்கூலிக்கு அதுவும் மலை. கடன்பட்டுக் காது குத்து வைத்தவர்களை நாம் அறிவோம். இதற்காகக் கடன்படுதல் அறிவுடைமையன்று. இருபத்திரண்டு கரட்டுப் பொன் நல்லது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைப் பங்குக்கு மேல் பொன்னே ஆதலின் காதை வருத்துவது அரிது. இயலாதவர் வைத்தியத்துக்குரிய டைட்டேனியத்தாற் செய்த சிறு குமிழ் வாங்கி இடலாம். வாங்கக் கூடாதது சந்தையில் விற்கும் மலிவான கவரிங் நகை. அதில் நிக்கல் என்னும் உலோகம் கலந்திருக்கும். புதுத்துவாரத்தின் வழியே நிக்கல் உடலைத் தொட்டால், சிலருக்கு அது வாழ்நாள் முழுவதும் நீங்காத ஒவ்வாமையாக மாறும். பின்னர் கைக்கடிகாரம் கட்டினாலும், இடுப்புப்பட்டியின் கொளுக்கி பட்டாலும் தோல் தடிக்கும். ஐரோப்பிய நாடுகள் 1994இல் இதற்கென்றே நகையின் நிக்கலுக்கு எல்லை விதித்துச் சட்டமியற்றின. கரப்பான் உள்ள பிள்ளைக்கு இவ்விடயத்தில் இரட்டைக் கவனம் வேண்டும். வெள்ளைப் பொன் என்று விற்பதிலும் சிலவேளை நிக்கல் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

எவரைக் கொண்டு குத்துவிப்பது? யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியிலும் கொழும்புச் செட்டியார் தெருவிலும் தலைமுறை தலைமுறையாகக் கைத்திறம் பெற்ற பத்தர்மார் இருக்கின்றனர். அவர்களுடைய கண்ணும் கையும் பல வைத்தியருக்கு வாய்க்காதவை. இரு காதும் ஒரே நேரில் அமையக் குத்துவது அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் கருவியைக் கிருமி நீக்கும் வகையில் எல்லோரும் ஒருபடித்தானவர் அல்லர். பொன்கம்பியையோ ஊசியையோ சுவாலையில் ஒருகணம் காட்டுவது போதாது. கடைகளிற் சிலவிடத்துப் பயன்படும் துப்பாக்கி போன்ற கருவியிலும் நமக்கு நம்பிக்கை குறைவு; அதன் உடல் பிளாத்திக்கால் ஆனதாயின் கொதிநீராவியில் இட்டுக் கிருமி நீக்க இயலாது, சோணையையும் குத்துவதன்றி அடித்து நசுக்குகின்றது. உறை பிரியாத புதிய ஊசி, கையுறை, மருந்து தோய்த்த பஞ்சு ஆகியவற்றோடு செய்யும் வைத்தியர் அருகில் இருப்பின் அவரிடம் போவதே மேல். பத்தரை விரும்புவோர் புதிய ஊசியையும் மருந்தையும் தாமே கொண்டு செல்லலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டா.

குத்துமுன் பிள்ளையை நேரே நிமிர்த்தி வைத்து மையினாற் புள்ளியிட்டு இரு காதையும் முன்னிருந்து பாருங்கள். கைக்குழந்தையாயின் குத்தும் வேளையில் முலைப்பால் கொடுத்தால் நோவு தணியும். தடுப்பூசி இடும்போதும் இவ்வாறு செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் எடுத்துரைத்திருக்கின்றது. சோணையிலன்றி மேற்காதின் குருத்தெலும்பிற் குத்துவது பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டா. அங்கே இரத்த ஓட்டம் குறைவு. கிருமி புகுந்தால் குருத்தெலும்பே அழுகிக் காது சுருங்கிப்போகும்.

குத்தியபின் ஆறு வாரம்வரை தோட்டைக் கழற்றலாகாது. நாளுக்கு இருமுறை, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின், கொதித்தாறிய உப்புநீரால் முன்னும் பின்னும் துடைத்தால் அமையும். மஞ்சள், நல்லெண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டா. திருநீறு நெற்றிக்கு உரியது, புண்ணுக்கு அன்று. கீரிமலைக் கேணியிலும் கடலிலும் ஆறு வாரம் குளிப்பாட்டாதிருப்பது நன்று. சிவப்புப் பரவினாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் கண்டாலும், தோடு சதைக்குள்ளே புதைந்தாலும் அன்றே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். கைமருந்து பார்த்து நாள் கடத்தலாகாது.

காது குத்துமுன் வைத்தியரைக் கட்டாயம் கேட்க வேண்டிய பிள்ளைகளும் உளர். பிறவியிலே இருதயக் குறையுள்ள பிள்ளை, இரத்தம் உறையாத நோயுள்ள பிள்ளை ஆகியோர் அவர்கள். தாய்க்கோ தந்தைக்கோ காயம் ஆறிய இடத்திற் சதை தடித்துக் கட்டியாகும் இயல்பு இருப்பின் அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலே 2005இல் வெளியான ஓராய்வு, இவ்வியல்புள்ளோருள் பதினொரு வயதின் பின் குத்தியவர்களுக்கே அத்தகைய கட்டி அதிகம் தோன்றியதாகக் கண்டது. சிறு தொகையினரைப் பார்த்த ஆய்வுதான். எனினும் அத்தகைய குடும்பத்தார் பெரியவளாகும்வரை ஒத்திவைக்குமுன் நன்கு சிந்திக்க வேண்டும். குத்தாமலே விடுவதும் ஒரு வழி.

வெளிநாட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் நம்மவர், பேரப்பிள்ளைக்கு ஊரிலே காது குத்த விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. வந்த இரண்டொரு நாளில் இளைப்பாறியதும் குத்திவிடுங்கள். மூன்று வாரம் கண்முன்னே வைத்துக் கவனிக்கலாம். விமானம் ஏறும் முதல்நாள் குத்திவிட்டு, பழுத்த காதோடு பிள்ளையை அனுப்பிவைப்பதை நாம் ஒப்புவதில்லை.

ஆண்பிள்ளைகளைப் பற்றிக் கேட்கின்றீர்கள். முற்காலத்து யாழ்ப்பாணத்து ஆடவர் கடுக்கன் அணிந்தனர்; ஆங்கிலப் படிப்பும் உத்தியோகமும் வந்தபின் அது அருகிற்று. இப்போது வாலிபர் சிலர் ஒற்றைக் காதிற் குத்திக்கொண்டு வருகின்றனர், பெரியோர் முகஞ்சுளிக்கின்றனர். தம் பாட்டனார் இரு காதிலும் அணிந்திருந்ததை அவர்கள் மறந்தனர் போலும்.

ஒரு தாயார் கடதாசியில் எழுதி அனுப்பியிருக்கின்றார்: "மூத்தவளுக்கு முப்பத்தொன்றிற் குத்தினோம். இளையவளுக்கு ஏழாம் மாதம் என்றால், பெரியவளான பின் மூத்தவள் ஏன் எனக்கு மட்டும் என்று கேட்க மாட்டாளா?" கேட்பாள். கேட்டால், "உன் காலத்தில் அப்பாச்சி கேட்டா, நாங்கள் ஓம் என்றோம், உன் தங்கச்சி காலத்தில் வைத்தியரையும் கேட்டோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவள் அதை விளங்கிக்கொள்வாள். இரண்டாவது கடதாசி, இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே நாளிற் குத்தலாமா என்பது. குத்தலாம், ஒருத்தியை மற்ற அறையில் வைத்துக்கொள்ளுங்கள். அழுகுரல் கேட்டுவிட்டால் இரண்டாவது காதுகளைப் பத்தர் தேடிப் பிடிக்க நேரிடும்.